கல்லூரி புராஜெக்ட்டும் கம்பெனி வேலையும்: வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பொறியியல் கல்லூரிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு புகார் தவறாமல் எழும்: பசங்களுக்கு இண்டஸ்ட்ரி அனுபவம் இல்லை. சரி, அந்த அனுபவம் என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். புராஜெக்ட் தலைப்பில் ஏஐ, பிளாக்செயின் என்று ஏதாவது இருக்க வேண்டும் என்பார் ஒருவர். வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் ஜிரா, குழுவாக வேலை செய்யும் முறையான ஸ்க்ரம் எல்லாம் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பார் இன்னொருவர். ஏதோ ஒரு கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி வந்துவிட்டால் அது இண்டஸ்ட்ரி புராஜெக்ட் என்று நினைப்பவர்களும் உண்டு.

இந்த மூன்றுமே விஷயத்தைத் தொடவில்லை என்பது என் கருத்து. கம்பெனியில் எழுதப்படும் மென்பொருளையும் வகுப்புக்காக எழுதப்படும் மென்பொருளையும் பிரிப்பது வேறு ஒன்று. அது என்ன, அதை ஒரு செமஸ்டருக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்தால் போதும்; கம்பெனியில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை.

## இப்போது நடப்பது

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் எப்படிப் போகும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பேட்ச். அவர்களுக்கு ஒரு கைடு. ஜீரோத் ரிவ்யூவில் தலைப்பு முடிவாகும். அப்புறம் இரண்டு மூன்று ரிவ்யூ. கடைசியில் வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்து வைவா நடத்துவார். கோடு, அதாவது கணினி நிரல், எழுதுவது பெரும்பாலும் பேட்ச்சில் ஒருவர்தான். ஒருவர் பிபிடி, ஒருவர் ரிப்போர்ட், இன்னொருவர் பைண்டிங் கடைக்கும் கைடின் கையெழுத்துக்கும் அலைவார். கோடு வாட்ஸ்அப்பில் ஜிப் ஃபைலாகச் சுற்றும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் ஒரிஜினல்’ என்று ஃபோல்டர்கள் பெருகும். வைவா முடிந்த மறுநாளிலிருந்து அந்தக் கோடை யாரும் திறப்பதில்லை.

இதற்கு மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. மதிப்பெண் முழுவதும் ஒரு டெமோவுக்கும் ஒரு ரிப்போர்ட்டுக்கும் என்றால், டெமோ நேரத்தில் மட்டும் ஒழுங்காக ஓடுகிற கோடை எழுதுவதுதான் புத்திசாலித்தனம். காசு வாங்கிக்கொண்டு கோடும் ரிப்போர்ட்டும் சேர்த்துக் கொடுக்கும் புராஜெக்ட் சென்டர்கள் தழைப்பதற்கும் இதுவே காரணம். வாங்கிய கோடும் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய கோடும் டெமோ அன்று ஒரே மாதிரிதான் தெரியும்.

## விருந்துச் சமையலும் மெஸ்ஸும்

வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், ஒருநாள் சமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுப்படி எவ்வளவு அலங்கோலமாகக் கிடந்தாலும் இலை போடும் இடத்தில் தெரியாது. எவ்வளவு புளி, எவ்வளவு உப்பு என்பது சமைத்தவர் கைக்கு மட்டும் தெரிந்தால் போதும். சாப்பிட்டுக் கிளம்பிவிட்டால் வேலை முடிந்தது.

அதே ஆள் ஒரு மெஸ் ஆரம்பித்தால் கதையே வேறு. தினமும் ஒரே ருசி வர வேண்டும். மாஸ்டர் லீவு போட்டால் அடுத்தவர் அதே சாம்பாரை வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். மளிகை தீர்வதற்கு முன்பே தெரிய வேண்டும். திடீரென்று நாற்பது பேர் கூடுதலாக வருவார்கள். ஒருநாள் சாப்பாடு கெட்டுப்போனால் எந்தப் பாத்திரத்தில், எந்த வேளையில் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். நன்றாகச் சமைக்கத் தெரிவது இதற்கெல்லாம் தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது.

கோடு எழுதுவது, அதாவது புரோகிராமிங், இங்கே சமையல். மென்பொருள் பொறியியல் என்பது மெஸ் நடத்துவது. பலர் சேர்ந்து எழுதி, பலர் பயன்படுத்தி, பல வருடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு புரோகிராமை ஒழுங்காக ஓடவைக்கும் கலை அது. கல்லூரி புராஜெக்ட் விருந்துச் சமையலாக அமைந்துவிடுகிறது. அதில் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் மெஸ் நடத்தும் அனுபவம் கிடைக்காது.

## மூன்று அழுத்தங்கள்

‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயர் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1968-இல். அந்த வருடம் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு இதே பெயரில் ஒரு மாநாடு நடத்தியது. அப்போதே பெரிய மென்பொருள்கள் கெடுவுக்குள் முடியவில்லை, சொன்ன செலவில் முடியவில்லை, முடிந்தாலும் பிழைகள் தீரவில்லை. கூடியவர்கள் எல்லாரும் நன்றாகப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டுதான் இந்தப் பாடு பட்டார்கள். அளவு பெருகும்போது புதிதாக முளைக்கும் சிக்கல்களே அவர்களுடைய பிரச்சினை.

அந்தச் சிக்கல்கள் மூன்று பக்கத்திலிருந்து வருகின்றன. ஒன்று, மற்றவர்கள்: நீங்கள் எழுதியதை நீங்கள் அல்லாத ஒருவர் படிக்க வேண்டும், திருத்த வேண்டும். இரண்டு, மாற்றம்: இன்று கேட்டது ஒன்று, அடுத்த மாதம் கேட்பது வேறு. மூன்று, காலம்: எழுதியவர் வேறு வேலைக்குப் போன பிறகும் கோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

காலம் என்ன செய்யும் என்பதற்கு ஏரியன் 5 ராக்கெட் நல்ல உதாரணம். 1996 ஜூன் 4 அன்று அது முதன்முறையாகப் பறந்தது. ராக்கெட்டின் வேகத்தையும் திசையையும் கணிக்கும் மென்பொருள் முந்தைய ஏரியன் 4-இலிருந்து எடுக்கப்பட்டது; அங்கே அது ஒழுங்காக வேலை செய்ததுதான். ஆனால் ஏரியன் 5-இன் கிடைமட்ட வேகம் அதிகம். அதோடு தொடர்புடைய 64 பிட் எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடைக்கப் பார்த்தபோது அது கொள்ளவில்லை. கணினிகள் செயலிழந்தன, ராக்கெட் தடம் மாறி, கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. அந்தக் கோடில் கை வைத்து யாரும் எதையும் கெடுக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது.

இப்போது கல்லூரி புராஜெக்ட்டை இந்த மூன்றோடு வைத்துப் பாருங்கள். எழுதியவர் ஒருவரே, படிப்பவர் யாரும் இல்லை. ஜீரோத் ரிவ்யூவில் சொன்ன தேவை கடைசிவரை மாறுவதில்லை. ஆயுள் நான்கு மாதம். மூன்று அழுத்தங்களில் ஒன்றுகூட மாணவர்மேல் விழுவதில்லை. எந்தக் கருவியைச் சொல்லிக்கொடுத்தாலும் அது ஒட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான். அந்தக் கருவிகள் எந்த வலிக்கு மருந்தாக வந்தனவோ அந்த வலியே மாணவர்களுக்கு வந்ததில்லை. ஆகவே புராஜெக்ட்டுக்குள் முதலில் கொண்டுவர வேண்டியவை அந்த அழுத்தங்கள். கருவிகளின் தேவை அப்புறம் தானாகப் புரியும்.

## மற்றவர்கள்: கிட்டும் கோட் ரிவ்யூவும்

இனி ஒரு சின்ன புராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம்: விடுதி அவுட்பாஸ் ஆப். மாணவர் போனில் அவுட்பாஸ் கேட்பார், வார்டன் அனுமதிப்பார், கேட்டில் வாட்ச்மேன் பார்த்து வெளியே விடுவார். இப்போது நோட்டில் நடக்கிற வேலைதான்.

நான்கு பேர் இதை எழுதினால் முதல் சிக்கல், யாருடைய லேப்டாப்பில் இருப்பது சரியான கோடு என்பது. இதற்குத்தான் கிட். கோடில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்திருக்கும் கருவி அது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுதினார். உலகம் முழுக்க இருக்கும் புரோகிராமர்கள் சேர்ந்து எழுதும் லினக்ஸ் கெர்னலுக்காக (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி), அதுவரை பயன்படுத்திய கருவியை இலவசமாகத் தொடர முடியாமல் போனதால் எழுதியது.

கிட்டின் அடிப்படை அலகு கமிட். மாற்றங்களை ஓர் இடத்தில் நிறுத்தி, ‘இதுவரை இதுதான் நிலவரம்’ என்று பதிவு செய்வது. ஒவ்வொரு கமிட்டிலும் யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள், இதற்கு முந்தைய கமிட் எது என்ற விவரங்கள் இருக்கும். இப்படிச் சங்கிலியாக நீண்டு, பழைய எந்த நாளுக்கும் திரும்பிப்போக வழி கிடைக்கிறது.

கிட் தெரியும் என்று ரெஸ்யூமேயில் போடாத மாணவர் இன்று அபூர்வம். ஆனால் பல புராஜெக்ட்டுகளில் வைவாவுக்கு முந்தைய நாள் மொத்தக் கோடையும் ஒரே கமிட்டாகக் கிட்ஹப்பில் (கிட் கோடை இணையத்தில் வைக்கும் தளம்) ஏற்றியிருப்பார்கள். கூடவே எழுதிய குறிப்பு ‘சேஞ்சஸ்’. அது கிட் பயன்பாடு ஆகாது. ஜிப் ஃபைலை வேறு இடத்தில் வைத்ததற்குச் சமம். ‘பாஸ் காலாவதி நேரத்தை வார்டன் மாற்றும்படி செய்தேன், விடுமுறை நாள் விதி வேறு என்பதால்’ என்று ஒரு குறிப்பு இருந்தால், ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கும் காரணம் புரியும். கோடில் என்ன மாறியது என்பதைக் கிட்டே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை மனிதர்தான் எழுத வேண்டும்.

அடுத்தது கோட் ரிவ்யூ. ஒருவர் எழுதிய மாற்றத்தைப் பொதுக் கோடில் சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பது. கிட்ஹப்பில் இதற்கான வழி புல் ரிக்வெஸ்ட்: ‘என் மாற்றம் இது, பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று வைக்கும் கோரிக்கை. பேட்ச்சில் யாருமே தன் கோடைத் தானே சேர்க்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி போட்டுப் பாருங்கள். பிபிடி மட்டும் செய்பவர் என்று ஒருவர் இருக்கவே முடியாது. அவரும் அடுத்தவர் கோடைப் படித்தாக வேண்டும், புரியாததைக் கேட்டாக வேண்டும்.

இப்போது ஏஐ கருவியிடம் கேட்டால் அவுட்பாஸ் ஆப்பின் கோடு நிமிடங்களில் வந்து கொட்டும். அதனால் புராஜெக்ட்டுக்கே அர்த்தமில்லை என்று சில ஆசிரியர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கோடு சுலபமாகக் கிடைக்கும்போது அதைப் படித்து, இது சரி, இது தவறு என்று சொல்லத் தெரிந்தவர்தான் தேவைப்படுகிறார். கோட் ரிவ்யூ கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

இந்தப் பகுதியில் பார்த்தது இவ்வளவுதான்: கிட் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கிறது, ரிவ்யூ அந்த மாற்றங்களை இரண்டாவது ஜோடிக் கண்ணுக்குக் காட்டுகிறது. ஒருவர் தலைக்குள் இருக்கும் அறிவை நான்கு பேருக்கும் பொதுவாக்க இரண்டும் வேண்டும்.

## மாற்றம்: கிருஷ்ணமூர்த்தியின் பெயர்

அவுட்பாஸில் இடம் குறைவு என்று, பெயரை 12 எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும்படி ஒருவர் எழுதுகிறார். ‘ராஜா’ என்று போட்டுப் பார்க்கிறார், ஓடுகிறது. டெமோவிலும் ஓடும். பிறகு வார்டன், பெயர்கள் தமிழில் முழுதாக வர வேண்டும் என்கிறார். கிருஷ்ணமூர்த்தி என்று ஒரு மாணவர் பாஸ் எடுக்கிறார். பாஸில் வந்து நிற்பது ‘கிருஷ்ணமூர்த’.

எண்ணிப் பாருங்கள்: கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. எட்டே எழுத்து. பன்னிரண்டைத் தாண்டவே இல்லை. ஆனால் உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினிக்குள் குறிக்கும் யூனிகோட் முறையில் ‘கி’ என்பது க-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘ஷ்’ என்பது ஷ-வும் புள்ளியும். இப்படி அந்த எட்டு எழுத்தும் கணினிக்குள் 15 குறியீடுகள். பைத்தான் போன்ற புரோகிராமிங் மொழிகள் சாதாரணமாக எண்ணுவது இந்தக் குறியீடுகளைத்தான். பன்னிரண்டாவது குறியீடு ‘த’. அங்கேயே கத்தி விழுந்துவிட்டது.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்து எண்ண ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற (யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றக்கூடிய) பைத்தான் நூலகமே, அதாவது ஆயத்தக் கோடுத் தொகுப்பே, இருக்கிறது. ஆனால் கம்பெனியில் சரிசெய்வதோடு விடமாட்டார்கள். ஒரு டெஸ்ட்டும் எழுதுவார்கள். டெஸ்ட் என்பது கோடைச் சோதிக்கும் இன்னொரு சிறிய கோடு: ‘கிருஷ்ணமூர்த்தி என்று கொடுத்தால் கிருஷ்ணமூர்த்தி என்றே வர வேண்டும்; வராவிட்டால் சத்தம் போடு.’ அடுத்த வருடம் யாரோ ஒருவர், இந்த இடத்தில் ஏன் இவ்வளவு சுற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பழையபடி சுருக்கிவிட்டால், டெஸ்ட் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிழையைத் திருத்திய அறிவு திருத்தியவரோடு போய்விடாமல் கோடிலேயே தங்கிவிடுகிறது.

ஒவ்வொரு கமிட்டின்போதும் எல்லா டெஸ்ட்டையும் ஒரு சர்வர் தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாட்டுக்குக் கன்டினியுவஸ் இன்டகிரேஷன் என்று பெயர். கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும், எல்லாரும் பார்க்கும்படி வைத்த கோடுக்குக் கிட்ஹப்பில் இதை இலவசமாகவே அமைக்கலாம். மாணவர் புராஜெக்ட்டுக்குப் பத்துப் பதினைந்து டெஸ்ட் போதும் என்பேன். எண்ணிக்கையைத் துரத்தினால் அர்த்தமில்லாத டெஸ்ட்டுகள்தான் குவியும்.

பெயர் தமிழில் வேண்டும் என்று வார்டன் கேட்டாரே, அதைத்தான் தேவை மாற்றம் என்கிறோம். கம்பெனியில் இது வாராவாரம் வரும். மாற்றத்தை எதிர்கொள்வதையும் முக்கியக் கொள்கைகளில் ஒன்றாக வைத்து 2001-இல் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி, மென்பொருள் எழுதும் முறை பற்றிய அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். கல்லூரியில் அஜைல் என்றால் தினமும் நின்றுகொண்டு பேசும் ஸ்டாண்டப் கூட்டம் என்று ஆகிவிட்டது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் புராஜெக்ட்டில் உட்காரும் மாணவர்களுக்குத் தினசரிக் கூட்டம் எதற்கு? அதைவிட, இரண்டாவது ரிவ்யூவில் கைடு ஒரு புதிய தேவையைக் கொடுக்கட்டும். ‘வாட்ச்மேன் போனில் சிக்னல் இல்லை, அப்போதும் பாஸ் சரியா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.’ எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பின்னி எழுதியிருந்தால் பாதியைக் கலைக்க வேண்டியிருக்கும். பிரித்துப் பிரித்து எழுதியிருந்தால் ஓரிடத்தில் தொட்டால் போதும். நல்ல வடிவமைப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது எதற்காக என்று அன்றைக்குப் புரியும்.

இந்தத் தேவைகள் கைடின் கற்பனையில் வருவதைவிட நிஜ ஆட்களிடமிருந்து வருவது நல்லது. கேட்டில் ஒரு மணி நேரம் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றால் போதும். மாலையில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வருவதும், அவர் போன் திரையில் வெயில் பட்டு எதுவும் தெரியாமல் போவதும் லேபில் உட்கார்ந்தால் தோன்றாது.

## காலம்: சீனியரின் கோடு

நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு பேட்ச்சும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதை நிறுத்துங்கள். போன வருட சீனியர்களின் கோடை எடுத்துக்கொண்டு, அதை மேம்படுத்துவதே இந்த வருடப் புராஜெக்ட்டாக இருக்கட்டும்.

வேலைக்குச் சேரும் புதியவருக்குக் காலியான ஃபோல்டரை யாரும் கொடுக்கப்போவதில்லை. யாரோ எழுதி, யாரோ திருத்தி, இருவருமே கம்பெனியைவிட்டுப் போய்விட்ட ஆயிரக்கணக்கான வரிகள்தான் கிடைக்கும். முதல் மாதங்கள் அதைப் படிப்பதிலேயே போகும். நான்கு வருடப் படிப்பில் அடுத்தவரின் பெரிய கோடை ஒருமுறைகூடப் படிக்காதவர் அங்கே திணறுவதில் ஆச்சரியமில்லை.

சீனியர் கோடை வாங்கினால் முதல் மூன்று வாரம் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. ஓடவைப்பது, படிப்பது, சின்னப் பிழைகளைத் திருத்துவது மட்டும். எதையும் அழித்துத் திரும்ப எழுத அனுமதி கிடையாது. அந்த ஆசை எல்லாருக்கும் வரும், பெரும்பாலும் கோடு புரியாததால்தான் வரும். விந்தையாகத் தெரிகிற ஒரு வரியைப் பார்த்தால் கமிட் வரலாற்றில் தேட வேண்டும். சீனியர் காரணத்தை எழுதியிருந்தால் அவரை மனதார வாழ்த்துவார்கள். எழுதாமல் ‘சேஞ்சஸ்’ என்று விட்டிருந்தால், தங்கள் குறிப்புகளை அப்படி விடமாட்டார்கள்.

ஒப்படைப்பும் அதே மாதிரி. செமஸ்டர் முடிவில் ஜூனியர் ஒருவரிடம் ரீட்மீ ஃபைலை மட்டும் கொடுக்க வேண்டும். கோடு என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது என்று சொல்லும் முதல் பக்கம் அது. எழுதியவர்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எங்கே என்று ஜூனியர் தடுமாறுவார், பைத்தானின் எந்தப் பதிப்பு என்று தேடுவார். அவர் தடுக்கி நின்ற ஒவ்வொரு இடமும் ரீட்மீயில் சேர்க்க வேண்டிய ஒரு வரி.

சீனியர் கோடு எதுவும் தேறாது என்று சொல்லும் துறைகளுக்கு இன்னொரு வழி உண்டு: ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஒரு கட்டற்ற மென்பொருளில் பங்கெடுப்பது. மேலே சொன்ன ஓப்பன் தமிழ் அப்படி ஒன்று. அங்கே கோடு பல வருடப் பழையது, ரிவ்யூ செய்பவர் முன்பின் தெரியாதவர், மாற்றம் வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். மூன்று அழுத்தங்களும் ஒருசேரக் கிடைக்கும்.

சுருக்கமாக: கோட் ரிவ்யூ மற்றவர்களைக் கொண்டுவருகிறது, நடுவில் வரும் புதுத் தேவை மாற்றத்தைக் கொண்டுவருகிறது, சீனியர் கோடு காலத்தைக் கொண்டுவருகிறது.

## மதிப்பெண்ணை எப்படிப் போடுவது?

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஒரு கைடிடம் எத்தனை பேட்ச் என்று தெரியுமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா பேட்ச்சின் எல்லாக் கோடையும் கைடால் படிக்க முடியாதுதான். ஆனால் கமிட் வரலாற்றையும் புல் ரிக்வெஸ்ட்டில் நடந்த உரையாடலையும் புரட்டிப் பார்ப்பதற்கு, நூறு பக்க ரிப்போர்ட்டைப் படிக்கும் நேரம்கூட ஆகாது. வேலை செய்தவர் யார் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கமிட் எண்ணிக்கைக்கோ வரி எண்ணிக்கைக்கோ மதிப்பெண் கொடுக்க ஆரம்பித்தால், ஒரு கமாவை மாற்றி ஒரு கமிட் போடுவார்கள். கைடு ஆளுக்கு இரண்டு மூன்று கமிட்டை எடுத்து ‘இதை ஏன் இப்படி மாற்றினீர்கள்?’ என்று கேட்டால் போதும்.

வைவாவிலும் டெமோவைச் சுருக்கிவிட்டு ஒரு சின்ன வேலை கொடுக்கலாம். மாலை 6 மணிக்குமேல் பாஸ் கிடையாது என்ற விதியை 7 ஆக்குங்கள் என்று எக்ஸ்டர்னல் சொல்லட்டும். பேட்ச்சில் யார் செய்வது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். அந்த 6 எத்தனை இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, மாணவர் அதை எங்கே தேடுகிறார், மாற்றியதும் டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கிறாரா, கமிட்டில் என்ன எழுதுகிறார் என்று கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இப்படி ஒரு வேலை வரும் என்பதை ஜீரோத் ரிவ்யூ அன்றே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அன்றிலிருந்து அவர்கள் கோடு எழுதும் விதமே மாறிவிடும்.